நனைந்த படுக்கை
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வேயில் சரக்கு ரசீதுகளைச் சரிபார்த்துக் காலங்கழிக்கும் குமாஸ்தா நான். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். பள்ளி செல்லும் பிள்ளை இரவில் படுக்கையை நனைப்பது மேடையில் பேசத்தக்க பொருளா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இக்கரக்பூர்க் காலனியில் மாடிச் சுவர்களில் காலைதோறும் காயும் மெத்தைகளைக் கண்டவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

என் இளைய மகனுக்கு ஒன்பது வயது வரை இத்தொல்லை இருந்தது. ஒருநாள் விடியலில், நனைந்த விரிப்பை அவன் தோளிலேயே போட்டு வாசலில் நிறுத்தினேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அன்று முதல் மாலைக்குமேல் நீரே அருந்தமாட்டான். உறங்க அஞ்சி விழித்துக் கிடப்பான். அப்படியும் நனைந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது, "அப்பா, நான் ரயிலில் படுக்கவில்லை, உட்கார்ந்தே வருகிறேன்" என்றான். அவ்வாறே இரவெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான்.

ஊரில் என் தாயாரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "ஏண்டா, நீ மட்டும் என்ன? ஆறாவது படிக்கும்வரை உன் பாயை நான்தானே அலசிப் போட்டேன்!" என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

பிறகே மருத்துவரிடம் சென்றோம். ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கும், பத்து வயதில் சுமார் 5 பேருக்கும் இது உண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. இரவில் சிறுநீரைக் குறைக்கும் சுரப்பு சிலருக்குப் போதாது. சிலருக்குச் சிறுநீர்ப்பை சிறிது. நிறைந்தாலும் விழிப்பு வருவதில்லை. சோம்பலோ வீம்போ அன்று. மலச்சிக்கலும் காரணமாகலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. முதலில் அதைச் சரிசெய்தோம்.

பகலில் தண்ணீரை நன்றாகக் குடிக்கச் செய்தோம். படுக்குமுன் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் குறைத்தோம். மாலைத் தேநீர் நின்றது. படுக்கும்போது கழிப்பறை சென்று வருவான். மெத்தைமேல் ரப்பர் விரிப்பு. நனைந்தால் பேச்சின்றித் துணி மாற்றினோம். என் பழங்கதையையும் அவனிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததை இன்றும் மறவேன்.

பின்னர், ஈரம் பட்டதும் ஒலிக்கும் மணிக்கருவி ஒன்றை வாங்கினோம். முதல் வாரங்களில் அது எங்கள் எல்லோரையும் எழுப்பியது, அவனைத் தவிர! நான் எழுந்து அவனை எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வேன். மூன்று மாதம் பொறுத்தோம். பயன்படுத்துவோரில் மூவரில் இருவருக்குப் பலிக்குமாம். பயணத்திற்கென மாத்திரையும் உண்டு. மருத்துவர் சொன்னாலன்றிக் கொடுக்கலாகாது, உண்டபின் இரவில் அதிக நீர் அருந்துவது ஆபத்து.

ஆறு மாதம் நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் தொடங்கினாலோ, எரிச்சலோ மிகுந்த தாகமோ உடல் மெலிவோ கண்டாலோ காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்ற கோடையில் மேல் படுக்கை தனக்கே வேண்டுமென்று அண்ணனோடு சண்டையிட்டான். மணிக்கருவி இப்போது எங்கள் அலமாரியில் சும்மாதான் கிடக்கிறது. வேண்டுவோர் வந்து எடுத்துச் செல்லலாம். யார் வீட்டுக்குப் போயிற்று என்று எவரிடமும் சொல்லமாட்டேன்.