வீடா, பாடசாலையா?

ஒரே பிள்ளையின் நலத்தை விரும்பும் தாயும் தந்தையும் நேரெதிரான இரு முடிவுகளுக்கு வருவதுண்டு. 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் கொவிட்-19 என்னும் கொள்ளைநோய் இலங்கையிற் பரவிய காலத்தில் எத்தனையோ வீடுகளில் இத்தகைய விவாதம் நிகழ்ந்தது. நோய் தணியும்வரை பிள்ளை வீட்டிலிருந்தவாறே இணையவழியாகக் கற்பதா, பாடசாலைக்கே செல்வதா என்பதே அவ்விவாதம். நோயின் உக்கிரம் தணிந்துவிட்டது, பாடசாலைகளும் திறந்துவிட்டன. ஆயினும் மற்றொரு கொள்ளைநோய் வருமாயின் அதே வினா மீண்டும் எழும். ஆதலின், அவ்விவாதத்தை ஆறுதலாக ஆராய்ந்து பார்ப்பது பயனுடைய செயலாகும்.

நடந்தவற்றை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். 2020 மார்ச் 13ஆம் நாள் முதல் நாட்டின் அரசாங்கப் பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. அவை 10,000க்கு மேற்பட்டவை. அவற்றிற் பயிலும் பிள்ளைகள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். அவ்வாண்டு ஜூலையிற் படிப்படியாகத் திறக்கத் தொடங்கிய பாடசாலைகள், ஒக்டோபரில் நோய் மீண்டும் தலைதூக்கவே மூடப்பட்டன. 2021 ஜனவரியிற் பல மாகாணங்களிற் கதவுகள் திறந்தன. ஏப்பிரல் இறுதியில் நாடெங்கும் அவை மறுபடியும் அடைபட்டன. ஓகஸ்ட் 20ஆம் நாளிலிருந்து ஒக்டோபர் 1ஆம் நாள் வரை நாடு முழுவதும் ஊரடங்கில் இருந்தது. 2020இல் முதலாந் தரத்திற் சேர்ந்த பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்தறிவுக்கு அடித்தளம் இடப்படவேண்டிய இரண்டு ஆண்டுகளிற் பெரும்பகுதியை அப்பிள்ளை ஆசிரியரின் முகத்தைக் காணாமலே கழித்தது.

வீடே தக்கது என்ற பெற்றோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சுவரை வைத்துக்கொண்டே சித்திரம் எழுதவேண்டும் என்பது அவர்கள் கூற்று. இந்நோய் சிறுவரைப் பெரும்பாலும் மென்மையாகவே தாக்கியது. ஆனால், பிள்ளை மாலையில் வீடு திரும்பும்போது அங்கே பாட்டனும் பாட்டியும் இருக்கின்றனர். இந்நாட்டில் இந்நோயால் இறந்தோரிற் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்களே. நாற்பது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பறையும், மூச்சுமுட்டும் பாடசாலை வாகனமும் அத்தகைய வீட்டாருக்கு அச்சந் தந்ததில் வியப்பில்லை. தவறவிட்ட பாடத்தைப் பின்னர் படித்துக்கொள்ளலாம், இழந்த பாட்டியை மீட்க இயலுமா என அவர்கள் வினவினர்.

பாடசாலையே வேண்டும் என்ற பெற்றோரும் ஒரு பழமொழியை முன்வைத்தனர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? எழுதுகோலைப் பிடிக்கும் விரலைத் திருத்துவதற்கு ஆசிரியரின் கை வேண்டும். ‘ல’கரத்தையும் ‘ழ’கரத்தையும் பிரித்துச் சொல்லும் நாவைப் பழக்குவதற்கு அருகிருந்து கேட்கும் செவி வேண்டும். மேலும், பிள்ளை பாடசாலையிற் கற்பது பாடத்தை மாத்திரமன்று. வரிசையில் நிற்பது, விட்டுக்கொடுப்பது, தோற்றபின்னும் விளையாடுவது ஆகியவற்றையும் அங்கேதான் கற்கின்றது. வறிய பிள்ளைக்கோ அங்கு கிடைக்கும் உணவும் பெரிது. ஆறு வயதிற் கற்கவேண்டியதைத் தவறவிட்ட பிள்ளைக்கு அடுத்த ஆண்டின் பாடம் இருமடங்கு பாரமாகும் என்பது அவர்கள் கவலை.

இவ்விரு கட்சியினரும் விவாதித்தபோது, அவ்விவாதத்தில் இடம்பெறாத மூன்றாவது தொகுதியினர் ஒருவர் இருந்தனர். அவர்கள் இணையவழிக் கல்வியைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவர்கள். இந்நாட்டிற் கணினி உள்ள வீடுகள் ஐந்தில் ஒன்று என்ற அளவினவே. ஆகவே, பெரும்பாலான வீடுகளில் வகுப்பறையாக அமைந்தது தந்தையின் கைத்தொலைபேசி. தந்தை வேலைக்குச் சென்றால் வகுப்பறையும் அவருடன் சென்றுவிடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு நடந்தால் ஒருவரே கற்கலாம். டேட்டாவுக்குப் பணம் கொடுத்தபின் அரிசிக்குக் கணக்குப் பார்த்த குடும்பங்களும் உண்டு. ஊவா மாகாணத்தின் மலைக் கிராமங்கள் சிலவற்றிற் பிள்ளைகள் தொலைபேசி அலை கிடைக்கும் இடத்தைத் தேடிக் காட்டுவழியே நடந்து பாறைகளிலும் மரங்களிலும் ஏறியிருந்து கற்றனர். தொலைக்காட்சிப் பாடங்கள் ஓரளவு துணைபுரிந்தன. ஆனால், விளங்கவில்லை என்று பிள்ளை சொல்வதைத் தொலைக்காட்சி கேட்பதில்லை. 2021 ஜூலை 12ஆம் நாள் முதல், சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, பல வீடுகளுக்கு எஞ்சியிருந்த அந்த நூலிழையும் அறுந்தது. ஆகவே, வசதியுள்ளோர் வீடா பாடசாலையா என வினவிய வேளையில், இவர்கள்முன் நின்ற வினா பாடசாலையா, ஒன்றுமில்லையா என்பதே.

பாடசாலையை வீட்டுக்கு அனுப்பும் முயற்சி இணையத்தோடு பிறந்ததன்று. வானொலியும் அப்பணியை முன்னரே ஏற்றுள்ளது. 1937 செப்டெம்பரில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, அங்குள்ள பாடசாலைகளைத் திறப்பது பிற்போடப்பட்டது. மூன்றாந் தரம் தொடக்கம் எட்டாந் தரம் வரையுள்ள ஏறத்தாழ 3,15,000 பிள்ளைகளுக்கு வானொலி மூலம் பாடம் நடத்தப்பட்டது. உள்ளூர் நிலையங்கள் நேரத்தை இலவசமாக வழங்கின. ஒவ்வொரு பாடமும் பதினைந்து நிமிடம். அன்றன்றைய பாடக்குறிப்புகளைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன. பெற்றோரின் ஐயங்களைத் தொலைபேசியிற் கேட்டு விடைகூற ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். சில வாரங்களிற் பாடசாலைகள் திறந்தன. ஆயினும், அக்குறுகிய காலத்திலேயே எழுந்த குறைகள் கவனிக்கத்தக்கன. சில வீடுகளில் வானொலிப் பெட்டி இல்லை. சிலவற்றில் ஒலி தெளிவில்லை. விரைந்து கற்போர் தொடர்ந்து சென்றனர், மெல்லக் கற்போர் பின்தங்கினர். மூன்றாந் தரத்துக்குக் கீழ்ப்பட்ட சிறுவர் அத்திட்டத்துள் அடங்கவுமில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின்பின், வேறொரு நாட்டில், வேறொரு கருவியைப் பயன்படுத்தியபோதும் இக்குறைகளே மீண்டும் எழுந்தன. கருவி குரலைக் கொண்டுசெல்லும்; கேட்கும் பிள்ளையின் முகத்தை ஆசிரியரிடம் கொண்டுவருவது அதற்கு அரிது.

எனின், இவ்விவாதத்துக்கு முடிவு யாது? 2021 ஒக்டோபர் 21ஆம் நாள் எடுக்கப்பட்ட நடவடிக்கை ஒன்று இதற்கு வழிகாட்டுகின்றது. அன்று எல்லாப் பாடசாலைகளும் ஒருங்கே திறக்கப்படவில்லை. 200க்குக் குறைந்த மாணாக்கரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளே முதலில் திறந்தன. ஏனையவை படிப்படியாகப் பின்தொடர்ந்தன. சிறிய பாடசாலையிற் பிள்ளைகளை இடம்விட்டு அமர்த்தலாம். அவர்களிற் பலர் அயலிலிருந்து நடந்தே வருபவர். நெரிசலான பஸ் அவர்களுக்குத் தேவையில்லை. கருவி வசதி குறைந்த குடும்பங்களும் அத்தகைய சிற்றூர்களிலேயே மிகுதி. பாடசாலையின்றித் தாமே கற்க இயலாத வயதினர் அங்கே முதலிடம் பெற்றனர். நாடு முழுவதற்கும் ஒரே விடை தேடியதனாலன்றோ அதுவரை வாதம் முடிவின்றி நீண்டது?

ஆகவே, இனியொரு முறை இவ்வினா எழுமாயின், அதனை நான்காகப் பிரித்து வினவுதல் வேண்டும். பிள்ளையின் வயது என்ன? வீட்டிலுள்ள முதியோரின் உடல்நிலை எத்தகையது? வகுப்பறையிற் காற்றோட்டமும் இடமும் உளவா? வீட்டிலிருந்து கற்பதற்குரிய கருவியும், அருகிருந்து உதவுவாரும் உளரா? பதினேழு வயது மாணவனுக்குப் பொருந்தும் விடை ஆறு வயதுச் சிறுமிக்குப் பொருந்தாது. நகரத்துப் பெரிய கல்லூரிக்கு ஏற்ற விதி தோட்டத்துச் சிறு பாடசாலைக்கு ஏலாது. பெற்றோர் கூட்டங்களில் உரத்துப் பேசுவோர் பெரும்பாலும் இரு வழியும் உடையோரே. ஒரு வழியும் இல்லாதோர் அன்றைய கூலியைத் தேடிச் சென்றிருப்பர். அவர்களின் பிள்ளையையும் கணக்கிற் சேர்த்தபின் எடுக்கப்படும் முடிவே ஊருக்குப் பொதுவான முடிவாகும்.