மாத்திரை சாப்பிடுற பிள்ளையும் வேலைக்குப் போகலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



ஆடு வளர்ப்புக் கடன் பற்றிப் பேசுவதாகத்தான் பெயர் கொடுத்திருந்தேன். ஆட்டைப் பற்றி இங்கே எல்லாருக்கும் என்னை விட நல்லாத் தெரியும். அதனால என் வீட்டுக்காரர்கிட்டயும் மகன்கிட்டயும் கேட்டுட்டு வேற விஷயம் பேச வந்திருக்கேன். "பேசும்மா, ஆனா என் பேரைச் சொல்லாத"ன்னு சொன்னான். சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு அவன் பெயர் தெரியும், அது வேற விஷயம்.

அவன் பிளஸ் டூ படிக்கும்போது தூக்கம் போச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க தன்னைப் பற்றியே பேசுறாங்கன்னு சொல்லுவான். குளிக்க மாட்டான். நாங்க போகாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. அப்போ நம்ம குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தீர்மான நோட்டில் 'வீடு பழுது பார்க்க' என்று எழுதச் சொன்னேன். அந்தப் பணம் மந்திரிக்கத்தான் போச்சு. கடனைக் கட்டி முடிச்சுட்டேன், ஆனா பொய் நோட்டில் அப்படியே இருக்கு. இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.

கடைசியில் கிராம சுகாதார நர்ஸ் அக்கா சொல்லித்தான் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனோம். மாத்திரை அங்கே இலவசம். சில மாதத்தில் தூக்கம் வந்துச்சு, பேச்சு தெளிவாச்சு. 18 வயது முடிஞ்சதும் அவனேதான் வேலைக்குப் போறேன்னு சொன்னான். "சும்மா இருந்தாத்தான்மா தலைக்குள்ள சத்தம் அதிகமாகுது" என்றான்.

தீபாவளி நேரம். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் எடுத்தாங்க. நோய் பற்றி மூச்சு விடாதேன்னு சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை. கடைகளில் வேலை செய்றவங்க உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துடுச்சு, ஆனா தீபாவளிக் கூட்டத்தில் யார் உட்கார? ராத்திரி மாத்திரை போட்டதால் காலையில் கண்ணைத் திறக்க முடியாது. தாமதம்னு திட்டு. நாலாவது நாள் துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள்ள போய் உட்கார்ந்தவன் வெளியே வரவே இல்லை. அவங்க அனுப்பிட்டாங்க. அவங்களைக் குறை சொல்லி என்ன செய்ய, நாங்கதான் ஒண்ணும் சொல்லலையே.

வீட்டுக்கு வந்தவனிடம் "நாலு நாள்கூடத் தாக்குப் பிடிக்கலையேடா" என்று கேட்டுட்டேன். அதுக்கப்புறம் மூணு மாதம் அவன் வேலை என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அந்த மூணு மாதம் நோயால் வந்ததில்லை, என் வாயால் வந்தது.

அடுத்த தடவை டாக்டரிடம் காலை மயக்கத்தைச் சொன்னோம். அவர்தான் மாத்திரை போடும் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுத்தார். இதை நாமளா செய்யக் கூடாது. முதலில் கொஞ்ச நேர வேலையாப் பாருங்க என்றும் சொன்னார்.

பக்கத்துக் குழு அக்கா ஒருத்தர் நாற்றுப் பண்ணை வச்சிருக்காங்க. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து தக்காளி, மிளகாய் நாற்று வாங்க வருவாங்க. இந்தத் தடவை, என்ன சொல்லலாம்னு மகனிடமே கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்: "ராத்திரி மாத்திரை சாப்பிடுறான், காலை பத்துக்குத்தான் வர முடியும். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்க. சத்தம் போட வேண்டாம்." நோயின் பெயரை அக்கா கேட்கவும் இல்லை, நாங்க சொல்லவும் இல்லை. எல்லா முதலாளியிடமும் சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். பிள்ளை சம்மதிச்ச அளவு போதும்.

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வேலை. குழித்தட்டில் தென்னை நார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை. ஒரு தட்டில் 98 குழி. முதல் நாள் 20 தட்டு போட்டான். கை பழகப் பழகக் கூடிச்சு. அரை நாளுக்கு 150 ரூபாய். முதல் வாரம் 900 ரூபாயைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். நான் அழுததைப் பார்த்து அவன் சிரிச்சான்.

அதுக்கப்புறம் என்ன செஞ்சான் தெரியுமா? "நான்தான் வேலைக்குப் போறேனே, சரியாயிடுச்சு"ன்னு மாத்திரையை நிறுத்திட்டான். எனக்கும் தெரியலை. அக்காதான் போன் பண்ணினாங்க. "தங்கச்சி, ரெண்டு நாளா ஒரே குழியில நாலு விதை போடுறான், என்னன்னு பாரு." உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 12 நாள் வேலைக்குப் போகலை. அக்கா வேறு ஆள் போடவில்லை. "உன் தட்டு அப்படியே இருக்கு, வா" என்றாங்க. இப்போ ஒரு வருஷம் ஆகப் போகுது. நேரம் மூணு மணி வரைக்கும் கூடியிருக்கு.

உங்களுக்கும் பயன்படும்னு சில தகவல் சொல்றேன். 14416 என்ற எண் டெலி மனாஸ். எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகையில் மனநோயும் ஒன்று. 40 சதவீதம், அதற்கு மேல் பாதிப்பு என்று சான்று இருந்தால் அரசு வேலை இடஒதுக்கீட்டில் இவங்களுக்கும் பங்கு உண்டு. கல்யாணத்துக்குத் தடையாகும்னு பயந்து பலர் அட்டை வாங்குவதில்லை. வாங்குறதும் வாங்காததும் அந்தப் பிள்ளை எடுக்க வேண்டிய முடிவு. திறன் பயிற்சிகளில் சில விடுதியில் தங்கிப் படிக்கணும். சேர்க்கும் முன்னாடி ராத்திரி மாத்திரையை யார் கவனிப்பாங்க, மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு விடுவாங்களான்னு கேட்டுக்கோங்க. வீட்டிலிருந்து போய் வரும் பயிற்சி கிடைச்சா நல்லது.

கூட்டமைப்பிடம் ஒண்ணு கேட்கிறேன். போன வருஷம் பயிற்சிக்கு இளைஞர் பட்டியல் எடுத்தப்போ என் மகன் பெயர் அதில் இல்லை. யாரும் அடிக்கவில்லை, நானே கொடுக்கலை. என்னை மாதிரி கொடுக்காமல் விட்ட வீடு இன்னும் இருக்கும். இந்த வருஷம் பட்டியல் எடுக்கும்போது அந்த வீட்டுக் கதவையும் தட்டுங்க.

மாதத்தில் ரெண்டாவது புதன்கிழமை நாங்க மருந்து வாங்கப் போவோம். காலை 7.10 பஸ். துணைக்கு ஆள் வேணும்னா அந்த பஸ்ஸில் ஏறுங்க. எங்கே போறீங்கன்னு நான் கேட்க மாட்டேன்.