அனுப்பாத கடிதம்



1863 ஜூலை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடக்கிறது. கெட்டிஸ்பர்க் சண்டையில் வென்ற அரசுப் படைத் தளபதி மீட், தோற்ற படையை விரட்டிப் பிடிக்கத் தயங்கினார். அது பொட்டோமாக் ஆற்றைக் கடந்து தப்பிவிட்டது.

குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. போர் இன்னும் நீளப்போகிறதே என்று ஜூலை 14 அன்று மீட்டுக்குக் கடிதம் எழுதினார். மனத்தாங்கலையெல்லாம் கொட்டித் தீர்த்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை, அனுப்பவும் இல்லை. உறையின் மேல் அதையே குறித்து, எடுத்து வைத்துவிட்டார். போர் முடியும்வரை மீட் அதே படையின் தளபதியாக நீடித்தார்.

லிங்கன் கோபத்தை விழுங்கிவிடவில்லை. அதைத் தாளில் இறக்கிவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். இப்படிப் பற்றில்லாமல் பார்ப்பது என்றால் உணர்ச்சியே இல்லாமல் இருப்பதல்ல. மனசுக்குள் என்ன நடக்கிறது என்று கவனிப்பதுதான்.

நம் கையில் இப்போது செல்போன் இருக்கிறது. கோபம் வந்த நொடியிலேயே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். இனி அப்படி வந்தால் ஒரு நோட்டை எடுங்கள். நினைத்ததை எல்லாம் எழுதுங்கள். நாலு முறை மூச்சை நிதானமாக இழுத்து விடுங்கள். மறுநாள் காலையில் படித்துப் பாருங்கள். அப்போதும் சரி என்று பட்டால் மட்டும் அனுப்புங்கள்.