பாறை நிழலில் வாழ்ந்தோர்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு வரும் பெருந்தெரு, யட்டியாந்தோட்டையைக் கடந்த பின் களனி கங்கையோடு சேர்ந்து மலையேறத் தொடங்குகிறது. அத்தெருவிலே கித்துல்கல என்னும் சிற்றூர் இருக்கிறது. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பெற்ற இடம் அது என்பதைப் பலர் அறிவர். அவ்வூரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலே, காட்டினுள்ளே, முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மாந்தர் அடுப்பு மூட்டி வாழ்ந்த இல்லம் ஒன்று இருப்பதைச் சிலரே அறிவர். பெலிலென என்பது அதன் பெயர். 'லென' என்றால் சிங்களத்திலே குகை என்பது பொருள். இன்று உங்களுடன் பேச நான் எடுத்துக்கொண்ட பொருள், அக்குகையிலும் அதனைப் போன்ற பிற குகைகளிலும் வாழ்ந்த மக்களைப் பற்றியதாகும்.

மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிலே, "கோப்பித் தோட்டம் வருவதற்கு முன்னர் இம்மலைகளில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒருவரும் இல்லை, வெறுங் காடுதான்" என்றே பெரும்பாலான பிள்ளைகள் விடை கூறுவார்கள். அநுராதபுரத்துக்கு வரலாறு உண்டு, பொலன்னறுவைக்கு உண்டு, கண்டிக்கும் உண்டு. நாம் வாழும் மலைக்கு மாத்திரம் 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதிலிருந்துதான் வரலாறு என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் ஊறியிருக்கிறது. இந்த எண்ணம் தவறானது என்பதற்குத் தேயிலை மலையின் மண்ணே சான்று கூறுகிறது.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கிறீன், ஜோன் போல் என்னும் வெள்ளைக்காரர் இருவர், மலைநாட்டிலே பளிங்குக் கற்சில்லுகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். அவை இயற்கையாக உடைந்த கற்கள் அல்ல, மனிதர் கை பட்டு ஆயுதமானவை என்று அவர்கள் உணர்ந்தனர். தாம் திரட்டியவற்றைப் பற்றி ஜோன் போல் 1913 இல் ஒரு நூலே வெளியிட்டார். இலங்கையின் கற்கால ஆராய்ச்சிக்கு வித்திட்டவை, இந்த மலைமண்ணிலே கிடந்த கற்களேயாம்.

ஆயினும் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு அதனைச் செய்தவனுடைய வாழ்க்கையை அறிந்துவிட இயலாது. அவனுடைய எலும்பு வேண்டும். அவன் உண்ட உணவின் மிச்சம் வேண்டும். அவன் மூட்டிய தீயின் கரி வேண்டும். நமது மலைகளிலோ மழை மிகுதி. மண்ணிலே புளிப்புத் தன்மையும் உண்டு. வெட்டவெளியிற் கிடக்கும் எலும்பு சில காலத்திலேயே கரைந்து மறைந்துபோகும். பாறை குடைபோலக் கவிந்து நிற்கும் இடத்திலோ மழை உட்புகுவதில்லை. அங்கே வாழ்ந்தோர் கொட்டிய சாம்பலும், தின்று எறிந்த நத்தை ஓடுகளும் சேர்ந்து மண்ணிலே சுண்ணாம்புச் சத்தைக் கூட்டுகின்றன. அச்சுண்ணாம்பு எலும்பைக் காக்கின்றது. அன்று குப்பையாக எறியப்பட்டதே இன்று ஏடாக நமக்குப் பயன்படுகின்றது.

அந்த ஏட்டைப் பொறுமையுடன் படித்தவர், தொல்பொருள் திணைக்களத்தைச் சேர்ந்த சிரான் தெரணியகல என்னும் அறிஞர். இவருடைய தந்தையார் போல் தெரணியகல, தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். இலங்கையின் கற்கால மனிதனுக்குப் 'பலாங்கொடை மனிதன்' என்று பெயரிட்டவரும் அவரே. மகனார் 1970களின் இறுதியிலும் 1980களிலும் கித்துல்கல பெலிலெனவையும், இரத்தினபுரி மாவட்டத்தில் குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள படதொம்பலெனவையும் படை படையாக அகழ்ந்து ஆராய்ந்தார். கரிமக் கணிப்பின்படி, இவ்விடங்களில் மனிதர் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தனர் என்பது புலனாயிற்று. களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியன் குகையிலோ, 2019 இல் வெளியான ஆராய்ச்சியின்படி, இக்காலம் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கிறது.

அம்மாந்தர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை இனிக் காண்போம்.

அவர்கள் செய்த கற்கருவிகள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை ஒரு விரலின் நீளத்துக்கும் குறைந்தவை. பளிங்குக் கல்லைத் தட்டிப் பிறை வடிவிலும் முக்கோண வடிவிலும் அவற்றை ஆக்கினார்கள். இத்தகைய வடிவமைந்த நுண்கற்கருவிகள் ஐரோப்பாவிலே பரவலாகத் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே இவை நமது தீவிலே வழங்கின என்பது அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திய செய்தியாகும். எலும்பைக் கூராகத் தீட்டி முனைகளும் செய்தனர். அவற்றை அம்பு முனைகளாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

அவர்களுடைய உணவோ காட்டிலே கிடைத்தது. குரங்கு, மலையணில், முள்ளம்பன்றி, மரை, மான் ஆகியவற்றின் எலும்புகள் குகைகளிலே கிடைத்திருக்கின்றன. மரநத்தையும் ஆற்றுநத்தையும் உண்டனர். சிங்களவர் 'கெக்குண' என்று கூறும் காட்டுக் கொட்டையை உடைத்துத் தின்றனர். காட்டு ஈரப்பலாவையும் காட்டு வாழையையும் பயன்படுத்தினர். அடர்ந்த மழைக்காட்டிலே பயிர்த்தொழில் இன்றி மனிதர் நெடுநாள் வாழ்தல் அரிது என்றே ஒரு காலத்தில் பல அறிஞர்கள் எண்ணினார்கள். 2015 இல், இக்குகைகளில் கிடைத்த மனிதப் பற்களின் மேற்பூச்சைச் சோதித்தபோது, இலங்கையின் மழைக்காட்டு உணவையே நம்பிச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழ்ந்தமை உறுதியாயிற்று. ஆற்றலும் அறிவும் இல்லாதவர்க்கு இது கைகூடுமா?

மற்றுமொரு செய்தி நம் கருத்தைக் கவர்வது. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள இக்குகைகளிலே கடற்சிப்பியால் ஆன மணிகள் கிடைத்துள்ளன. பெலிலெனவுக்குக் கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டுவரப்பட்டது என்பதற்கும் தடயம் உண்டு என்று தெரணியகல எழுதினார். மலையில் வாழ்ந்தவன் கடலை அறிந்திருந்தான். தானே நடந்து சென்றோ, கைமாறிக் கைமாறியோ, கடற்பொருளைப் பெற்றான். மலை என்பது உலகத்தினின்று துண்டிக்கப்பட்ட மூலை என்ற எண்ணம் அன்றைக்கே பொய்த்துவிட்டது. இறந்தவரின் எலும்பிலே செங்காவி பூசிய வழக்கமும் அவர்களிடையே இருந்திருக்கின்றது. இறந்தோரை நினைக்கும் நெஞ்சம் அவர்களுக்கு இருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பாறையின் கீழ் வாழ்வது நமது நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. கடல் கடந்து, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே மேசா வெர்டே என்னும் மேட்டுநிலம் இருக்கிறது; பச்சை மேசை என்பது ஸ்பானிய மொழியில் அப்பெயரின் பொருள். அதன் செங்குத்தான பாறைச் சரிவுகளிலே, கவிந்த பாறையின் அடியில், புவெப்லோ மக்களின் முன்னோர் கல்வீடுகளைக் கட்டினார்கள். நமது குகைவாசிகள் இயற்கை தந்த கூரையை அப்படியே ஏற்றுக்கொண்டனர். புவெப்லோ மக்களோ அக்கூரையின் கீழ் செதுக்கிய கல்லை அடுக்கி, மண்ணும் நீரும் சாம்பலும் குழைத்துப் பூசி, மாடிமேல் மாடியாக எழுப்பினர். 'பாறை அரண்மனை' என்று இன்று வழங்கப்படும் ஒன்றிலே மட்டும் ஏறக்குறைய 150 அறைகள் உள்ளன. மேட்டின்மேல் சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்து, பாறையிலே வெட்டிய கால்தடங்களைப் பற்றி ஏறி இறங்கினார்கள்.

ஏறத்தாழ 1190 முதல் 1280 வரை இவ்வீடுகள் எழுந்தன. 1300 ஆம் ஆண்டு வருமுன்னரே அவை வெறிச்சோடிவிட்டன. மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்த அறிஞர்கள், 1276 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடிய வறட்சி நிலவியதைக் கண்டறிந்தனர். வறட்சியும் பூசலும் சேர்ந்து அம்மக்களைத் தெற்கு நோக்கிப் பெயர்த்தன.

1888 டிசம்பரிலே மாடு தேடிச் சென்ற வெள்ளைக்காரப் பண்ணையாளர் இருவர் அந்தப் பாறை அரண்மனையைக் கண்டு, மறைந்துபோன இனத்தின் மாளிகை என்று உலகுக்கு அறிவித்தனர். உண்மையில் அவ்வினம் மறையவில்லை. ஹோப்பி, சூனி, ஆக்கோமா முதலிய ஊர்களிலே அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். உலகம் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவே. பின்னர் வந்தோர் அவர்களுடைய முன்னோருக்கு 'அனசாசி' என்று பெயர் சூட்டினார்கள். அது அயலவரான நவாஹோ மக்களின் சொல். பகைவரின் முன்னோர் என்ற பொருளும் அதற்கு உண்டு. தம் பாட்டன்மாரைப் பகைவர் என்று அழைப்பதை எவர்தாம் விரும்புவர்? அவ்வழித்தோன்றல்களின் வேண்டுகோளை ஏற்று, இன்று அறிஞர்கள் 'புவெப்லோ முன்னோர்' என்றே எழுதுகின்றனர். 1891 இல் அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பின்லாந்து நூதனசாலையிலே இருந்த அவர்களுடைய எலும்புகளும் 2020 இல் திருப்பிக் கொடுக்கப்பட்டு, சொந்த மண்ணிலேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

இந்தப் பெயர்ச் செய்தியை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பலாங்கொடை மனிதன் என்பதும் நாம் சூட்டிய பெயரே. தன்னை அவன் எவ்வாறு அழைத்தான் என்பதைச் சொல்ல இன்று எவருமில்லை. அவனுடைய எலும்பமைப்பை ஆராய்ந்தோர், நமது நாட்டு வேடருக்கும் அவனுக்கும் உறவுண்டு என்று கருதினர். அவ்வேடர்களும் தம்மை 'வன்னியல அத்தோ', அதாவது காட்டு மக்கள், என்றே அழைத்துக்கொள்கின்றனர். வேடர் என்பது பிறர் இட்ட பெயர். நாமும் இதற்கு விலக்கல்லோம். பதிவேடுகள் நம்மை நெடுங்காலமாக 'இந்தியத் தமிழர்' என்று குறித்தன. தெருவிலே சிலர் 'தோட்டக்காட்டான்' என்று இகழ்ந்தனர். 'மலையகத் தமிழர்' என்பது நாமே தேர்ந்துகொண்ட பெயர். ஒரு மக்களின் வரலாற்றை அவர்களே பேணாவிட்டால், அவர்களுக்குப் பெயரிடும் உரிமையும் பிறர் கைக்குப் போய்விடும். பாறை வீடுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இப்பாடத்திலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன.

முதலாவது, நமது சூழலிலுள்ள கற்குகைகளைப் பற்றியது. புதையல் இருக்கும் என்ற ஆசையால் குகைத்தரையைத் தோண்டுவோர் இன்றும் உளர். அங்கே பொன்னும் இல்லை, மணியும் இல்லை. இருப்பது சாம்பலும் ஓடும் கற்சில்லுமே; ஆனால் அவை எந்தப் படையில், எதன் அருகில் கிடந்தன என்பதிலேதான் அவற்றின் விலை இருக்கிறது. ஒருமுறை மண்வெட்டியால் புரட்டப்பட்ட தரையை எந்த அறிஞராலும் மறுபடி வாசிக்க இயலாது. அனுமதியின்றித் தொல்லிடங்களைத் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமுமாகும். வழக்கத்துக்கு மாறான கற்சில்லையோ எலும்பையோ கண்டால், அதனைக் கிடந்த இடத்திலேயே விட்டு, கிராம உத்தியோகத்தர் வாயிலாகவோ பாடசாலை வாயிலாகவோ தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

இரண்டாவது கடமை, நாம் வாழ்ந்த இல்லங்களைப் பற்றியது. லயங்கள் இடிக்கப்பட்டுத் தனிவீடுகள் எழுகின்றன. அது நன்று, இன்னும் விரைந்து நடைபெற வேண்டும். பத்தடிக் காம்பராவிலே மூன்று தலைமுறைகள் புகையுண்டு வாழ்ந்த வாழ்வை எவரும் போற்றிப் பாதுகாக்கச் சொல்லமாட்டார். ஆயினும் லயம் இடியும்போது அதன் நினைவும் சேர்ந்து இடிந்துவிடல் ஆகாது. கம்பளைக்கு அண்மையிலே, பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 இல் ஆக்கியிருக்கிறார்கள். வாய்ப்புள்ளோர் சென்று காண்பாராக. எல்லாத் தோட்டத்திலும் அருங்காட்சியகம் அமைக்க இயலாது. ஒரு கொப்பி எல்லா வீட்டிலும் இருக்க இயலும். எந்தக் காம்பராவில் யார் இருந்தார், எந்த ஊரிலிருந்து அவருடைய பாட்டனார் வந்தார், அடுப்பு எங்கே இருந்தது, பீலித் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இஸ்தோப்பிலே யார் உட்கார்ந்து கதை சொன்னார் என்பவற்றைப் பாட்டியிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். ஆசிரியர்கள் இதனை ஒரு பாடமாகவே வழங்கலாம்.

பெலிலெனவிலே வாழ்ந்தவருக்கு எழுத்துத் தெரியாது. அவர்களுடைய கதையை அறிய முப்பதாயிரம் ஆண்டுச் சாம்பலை நாம் சலிக்க வேண்டியிருந்தது. நமக்கோ எழுத்துத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளை நம்முடைய அடுப்புச் சாம்பலைச் சலிக்குமாறு விட்டுச் செல்வது முறையாகாது.