நம் பங்கின் இளம் மேய்ப்பர்கள்

(வானொலி மறையுரை – பாஸ்கா காலம் 4ஆம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. நற்செய்தி: யோவான் 10:11-18)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இரண்டு பேரை நம் முன் நிறுத்துகிறார். ஒருவர் நல்ல ஆயன், மற்றவர் கூலிக்கு மேய்ப்பவர். இருவரும் மந்தையோடு நடக்கிறார்கள், இருவர் கையிலும் கோல் இருக்கிறது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஓநாய் வரும்போதுதான் தெரிகிறது. ஒருவர் நிற்கிறார், மற்றவர் ஓடிவிடுகிறார். இதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஆயனின் அடையாளமாக இன்னொன்றையும் இயேசு சொல்கிறார்: அவர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்.

பள்ளி விடுமுறைக் காலத்தில் இந்த நற்செய்தியைக் கேட்கிறோம். பல பங்குகளில் கோடை மறைக்கல்வி முகாம் நடக்கும் நேரம் இது. சிறு பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ ஒப்படைக்கிறோம். அனிமேட்டர்கள் என்று அவர்களை அழைக்கிறோம். பத்தாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள்தான் அவர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அதே பந்தலில் தரையில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவர்கள்.

அவர்களை நாம் எப்படித் தயாரிக்கிறோம்? பல இடங்களில் முகாமுக்கு முந்தின நாள் மாலையில் ஒரு கூட்டம் போடுகிறோம். பாட்டுக்கு ஆக்‌ஷன், ஒரு டி-ஷர்ட், ஒரு விசில், ஓர் அட்டவணை. அத்தோடு பயிற்சி முடிந்தது. மறுநாள் அந்தத் தம்பி விசிலை ஊதிக்கொண்டு சின்னப் பிள்ளைகளை விரட்டினால், நாம் அவனைத் திட்டுகிறோம். ஆனால் கோலை மட்டும் கொடுத்துவிட்டு, மேய்ப்பது எப்படி என்று நாம்தானே சொல்லித்தரவில்லை!

பிரியமானவர்களே, இதில் நமக்கு வழிகாட்ட ஒரு புனிதர் இருக்கிறார். அவர்தான் தொன் போஸ்கோ. 1815-இல் இத்தாலியில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே கயிற்றில் நடந்தும் வித்தை காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி, கோயிலில் கேட்ட மறையுரையை அவர்களுக்குத் திருப்பிச் சொன்னவர். குருவான பிறகு தூரின் நகரில், வேலை தேடி வந்து தெருவில் அலைந்த நூற்றுக்கணக்கான சிறுவர்களைக் கூட்டிச் சேர்த்தார். அத்தனை பேரை ஒருவரால் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியாது. அவர் என்ன செய்தார்? வெளியிலிருந்து ஆள் தேடவில்லை. அந்தப் பையன்களுக்குள்ளிருந்தே மேய்ப்பர்களை உருவாக்கினார்.

அப்படிப்பட்ட ஒரு சிறுவன் மிக்கேல் ரூவா. ஒருநாள் அவனிடம் தொன் போஸ்கோ தம் இடக்கையை நீட்டி, வலக்கையால் அதை வெட்டிப் பாதியைக் கொடுப்பதுபோல் காட்டினார். அவனுக்குப் புரியவில்லை. நாம் இருவரும் எல்லாவற்றையும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்வோம் என்பதுதான் அதன் பொருள் என்று பிறகு விளக்கினார். 1859 டிசம்பர் 18-ஆம் நாள் சலேசிய சபை பிறந்தபோது அந்த அறையில் கூடியிருந்தவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். ரூவாவுக்கு வயது 22. தொன் போஸ்கோவுக்குப் பின் சபையின் தலைவரானவரும் அவர்தான். அவர் தலைவராக இருந்த காலத்தில்தான், 1906-இல், முதல் சலேசியர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். எங்கே வந்தார்கள் தெரியுமா? நம்முடைய தஞ்சாவூருக்கு! ஒரு சிறுவனை நம்பிப் பொறுப்பைக் கொடுத்ததன் பலன் நம் மண் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

"பாதிக்குப் பாதி" என்பதைக் கவனியுங்கள். முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது பயிற்சி அல்ல. ஒன்றையும் கொடுக்காமல் நாற்காலி தூக்க மட்டும் அழைப்பதும் பயிற்சி அல்ல. உண்மையான பொறுப்பு அவன் கையில் இருக்க வேண்டும், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கு அவனை நான்கு விதமாகத் தயாரிக்கலாம்.

முதலாவது, பெயர். முதல் நாள் முடிவதற்குள் தன் குழுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அனிமேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஏய், சிவப்புச் சட்டை" என்று கூப்பிடுவதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் உள்ள தூரம்தான் கூலியாளுக்கும் ஆயனுக்கும் உள்ள தூரம். குழு பிரிக்கும்போது பெரியவர்களாகிய நாமும் கவனமாக இருப்போம். இந்தத் தெருப் பிள்ளைகள் ஒரு குழு, அந்தத் தெருப் பிள்ளைகள் இன்னொரு குழு என்று பிரித்துவிட்டு, ஒரே ஆயன், ஒரே மந்தை என்று பாடினால் அது பொய்ப் பாட்டு.

இரண்டாவது, ஓரத்தில் நிற்கிற பிள்ளை. 1856-இல் தோமினிக் சாவியோ என்னும் 14 வயதுச் சிறுவன் தன் நண்பர்களோடு அமல உற்பவ மரியாவின் பெயரால் ஒரு சங்கம் தொடங்கினான். புதிதாக வந்து தனித்திருந்தவர்கள், மற்றவர்கள் ஒதுக்கிவைத்த முரட்டுப் பையன்கள், இவர்களில் யாரை யார் கவனித்துக்கொள்வது என்று அவர்கள் கூடிப் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். வயதில் சிறியவர்கள், அவர்கள் கண் எங்கே போயிருக்கிறது பாருங்கள்! நன்றாக ஆடும் பிள்ளையை மேடையேற்ற எவரும் கற்றுக்கொள்வார்கள். ஆடாமல் தூணோரமாக நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காரத்தான் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது, கோபத்தை ஆளுதல். சின்னப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள், அது இயல்பு. அடிக்கக் கூடாது, முழங்காலில் நிற்கவைக்கக் கூடாது, பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கக் கூடாது. அறிவுக்குப் பொருந்தப் பேசுதல், இறைப்பற்று, கனிவு, இந்த மூன்றும்தான் தொன் போஸ்கோவின் வழி. பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்று 1884-இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில் அவர் வலியுறுத்தினார்.

நான்காவது, பாதுகாப்பு. 1854-இல் தூரின் நகரில் காலரா பரவியபோது, தொன் போஸ்கோவின் பையன்கள் பலர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் போனார்கள். வெறும் ஆர்வத்தோடு அவர் அவர்களை அனுப்பிவிடவில்லை. நோயாளியைத் தொட்ட பிறகு கை கழுவ வினிகர் கொடுத்து அனுப்பினார். இறைநம்பிக்கையும் முன்னெச்சரிக்கையும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. நம் முகாம்களிலும் அப்படியே இருக்கட்டும். அனிமேட்டரோ பெரியவரோ, யாரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பெரியவர்கள் இல்லாமல் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ குளத்துக்கோ ஒரு பிள்ளையையும் கூட்டிப் போகக் கூடாது. தன் மனத்தை அழுத்தும் ஒன்றை ஒரு பிள்ளை சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அன்றைக்கே பொறுப்பான பெரியவரிடம் சொல்ல வேண்டும். 1098 என்ற சிறார் உதவி எண்ணும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஓநாய் வரும்போது ஓடாமல் நிற்பது என்பது இதுதான்.

இவற்றை ஒரே மாலையில் கற்பிக்க முடியாது. திருத்தூதர்களை இருவர் இருவராக அனுப்பிய இயேசு, அவர்கள் திரும்பி வந்து செய்ததையெல்லாம் சொன்னபோது கேட்டார், ஓய்வெடுக்கவும் அழைத்தார். நாமும் ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் வீடு திரும்பிய பின், அரை மணி நேரம் அனிமேட்டர்களோடு உட்காருவோம். இன்று எந்தப் பிள்ளை அழுதது, யார் பேசவே இல்லை, உனக்கு எங்கே பொறுமை போயிற்று என்று கேட்போம். உண்மையான பயிற்சி அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "பத்து நாள் முகாமுக்குப் போனால் டியூஷன் கெட்டுவிடும்" என்று உங்களில் பலர் தயங்குகிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. மதிப்பெண் தேவைதான். ஆனால் தன்னை நம்பி நிற்கிற பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால், தன் பசியையும் கைப்பேசியையும் மறந்து நிற்கக் கற்றுக்கொள்வதை எந்த டியூஷன் சொல்லித்தரும்? நாளைக்கு உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களும் இந்தப் பிள்ளைகள்தான்.

அன்பு இளையோரே, நீங்கள் எல்லாம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஓரத்தில் நிற்பவரைத் தேடுங்கள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

மன்றாடுவோம்: நல்லாயனாம் ஆண்டவரே, எங்கள் பங்குகளில் சிறுவரை வழிநடத்தப் போகும் இளையோரை ஆசீர்வதியும். அவர்களுக்கு உமது பொறுமையையும் உமது பார்வையையும் தாரும். அவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கவும், கொடுத்தபின் அவர்கள் பக்கத்திலேயே நிற்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.