படலையிற் பழுது எங்கே?

ஒரு வீட்டுக்குப் படலை ஒன்றுதான். உள்ளே வாழ்வோர் ஐவராயினும் பதின்மராயினும் அந்தப் படலையையே கடந்து வெளியே செல்ல வேண்டும். இணையத் தொடர்பு பெற்ற வீடுகளின் நிலையும் இதுவே. வெளியிலிருந்து வரும் இணைப்பு ஒன்று. உள்ளே கணினிகளும் கைத்தொலைபேசிகளும் பல. சில வீடுகளில் இப்படலையைக் காக்கும் பணி, லினக்ஸ் நிறுவப்பட்ட ஒரு பழைய கணினியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பின்லாந்திலே ஹெல்சிங்கிச் சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸின் கருவை வெளியிட்டார். அது விலையின்றிக் கிடைப்பது. பழைய இயந்திரத்திலும் செவ்வனே இயங்கவல்லது.

இக்காவலாளி செய்யும் தொழில் யாது? இணையத்திலே எண் முகவரியின்றி எதுவும் போய்ச் சேராது. நான்காம் பதிப்பு முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறக்குறைய 430 கோடி. உலகத்துக்கு அவை போதா. ஆகவே 192.168 எனத் தொடங்குவன போன்ற சில முகவரிகளை, வீட்டுக்குள் மட்டும் வழங்குவதற்கென 1996ஆம் ஆண்டின் நியமம் ஒதுக்கியுள்ளது. அவற்றுக்கு வெளியுலகில் மதிப்பில்லை. எனவே லினக்ஸ், உள்ளிருந்து வரும் பொதியின்மேல் தன் முகவரியை எழுதி அனுப்புகின்றது. மறுமொழி வந்ததும், கேட்டவர் யார் என்பதைத் தன் குறிப்பிற் பார்த்து உரியவரிடம் சேர்க்கின்றது. இச்செயலுக்கு 'மாறுவேடம்' என்றே அத்துறையினர் பெயரிட்டுள்ளனர்.

2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, எத்தனையோ பிள்ளைகளின் வகுப்பறை இப்படலைக்கு அப்பாலே இருந்தது. படலை அடைபட்டால் அன்றைய பாடம் இல்லை. அவ்வேளையில் வீட்டார் பதறி, கண்ட கண்ட அமைப்பையெல்லாம் மாற்றத் தொடங்குவர். பத்தை மாற்றிய பின், முதலில் இருந்த பழுது எது, தாம் உண்டாக்கிய பழுது எது என்று பிரித்தறிய இயலாது. நல்ல பரியாரியார் நாடி பார்த்த பின்பே மருந்து சொல்வார். இங்கும் அம்முறையே வேண்டும்.

முதலாவது, ஒரு கணினிக்கு மட்டும் தொடர்பில்லையா, எல்லாவற்றுக்குமா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மட்டுமாயின் பழுது பெரும்பாலும் அதனிடமே உள்ளது. எல்லாவற்றுக்குமாயின் லினக்ஸ் கணினியின் முன் அமர்ந்து, வெளியுலகின் ஓர் எண் முகவரிக்குப் 'பிங்' என்னும் கட்டளையை அனுப்ப வேண்டும். அது போன்ற ஒரு முகவரி 8.8.8.8. மறுமொழி இல்லையாயின் வெளியிணைப்பையும், அதனைத் தாங்கும் வலையட்டையையும் ஆராய்க. இரண்டு அட்டைகள் உள்ள கணினியில் அவற்றின் பெயர்கள் இடம் மாறி, உள்வாசல் வெளிவாசலாக எண்ணப்படுவதும் உண்டு.

இரண்டாவது, வீட்டுக் கணினியிலிருந்து லினக்ஸின் உள்முகவரிக்குப் பிங் செய்க. மறுமொழி இல்லையாயின் கம்பியையோ வானலை இணைப்பையோ பார்க்க வேண்டும். கணினியின் முகவரி 169.254 எனத் தொடங்கினால், முகவரி வழங்கும் சேவை அதற்கு விடையளிக்கவில்லை என்பது பொருள்.

மூன்றாவது, அதே வீட்டுக் கணினியிலிருந்து வெளி எண்ணுக்குப் பிங் செய்க. முன்னைய இரண்டும் நிறைவேறி இது மட்டும் தவறுமாயின், அக்கணினி லினக்ஸையே தன் படலையாகக் கொண்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியாயின், பொதிகளை முன்செலுத்தும் அனுமதியிலோ மாறுவேட விதியிலோதான் குறை. முன்செலுத்தும் அனுமதியின் மதிப்பு 0 ஆயின் வழி அடைப்பு. 1 ஆயின் திறப்பு. நினைவகத்தில் மட்டும் இட்ட அமைப்பு, கணினி அணைந்ததும் அழிந்துபோம். 2022ஆம் ஆண்டிலே இலங்கையில் மணிக்கணக்காக மின்வெட்டு நிலவியது. அத்தகைய நாட்களில், நேற்று இயங்கியது இன்று இயங்காமைக்கு இதுவே போதிய காரணமாகும். அமைப்பைக் கோப்பில் எழுதிச் சேமிப்பதே பரிகாரம்.

நான்காவது, எண் முகவரி கிடைத்துப் பெயர் மட்டும் கிடைக்காவிடின், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். சேவையிலே குறை.

ஐந்தாவது, சிறு செய்திகள் வந்து பெரும் பக்கங்கள் பாதியில் நின்றால், பொதியின் அளவை நோக்குக. வழக்கமான அளவு 1500 பைட்டு. சிலவகைத் தொலைபேசி இணைப்புகளில் 1492 பைட்டே செல்லும்.

ஒன்றை மட்டும் செய்தலாகாது. வழி திறக்கட்டும் என்று காவல் விதிகள் அனைத்தையும் நீக்கிவிடுவோர் உளர். அப்போது மாறுவேட விதியும் உடன் நீங்கிப் பழுது முற்றலாம். லினக்ஸ் கணினியின் சேவைகளும் வெளியாருக்குத் திறந்து கிடக்கும். ஒரு வேளைக்கு ஒரே மாற்றம். அதன் பின் மீண்டும் சோதனை. இதுவே ஒழுங்கு.

பல வீடுகளில் இவ்வமைப்பை அறிந்தவர் ஒருவரே. அவர் மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ தூரதேசம் போனபின், எஞ்சியோர் செய்வதறியாது நிற்பர். எந்த அட்டை வெளிவாசல், உள்முகவரி யாது, விதிகள் எந்தக் கோப்பில் உள்ளன என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கணினியின் அருகே வைத்துச் செல்வது அவர் கடமை. அரை மணி நேரத்தில் முடியும் வேலை அது.