குமிழில் 180, தட்டில் எவ்வளவு?



கோடைக்காலத்தில் வானொலியில் வானிலைச் செய்தி கேட்கும்போது கவனித்திருப்பீர்கள். சென்னைக்கு ஒரே ஒரு வெப்பநிலையைச் சொல்லி முடிப்பதில்லை. நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு, மீனம்பாக்கத்தில் இவ்வளவு என்று இரண்டு எண்களைச் சொல்வார்கள். கடற்காற்று நுங்கம்பாக்கத்தைத் தொட்ட பிறகுதான் மீனம்பாக்கம் வந்து சேரும். அதனால் கோடைப் பகல்களில் பெரும்பாலும் மீனம்பாக்கத்து எண்தான் கூடுதலாக இருக்கும். இன்னும் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று குடியிருக்கும் நமக்கு இது உடம்பே சொல்லும் சேதி. ஊர் ஒன்றுதான், வெப்பமானி இருக்கும் இடத்தைப் பொறுத்து எண் மாறுகிறது.

நம் வீட்டு ஓவனுக்குள்ளும் இதுதான் நடக்கிறது.

சேலையூரில் எங்கள் வீட்டுக்கு ஓவன் வந்த புதிதில், 180 டிகிரி, 40 நிமிடம் என்று குறிப்பில் இருந்தபடியே கேக் வைத்தேன். மேலே கருகி வெடித்தது. நடுவில் குச்சியை விட்டால் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. மாவைச் சந்தேகப்பட்டேன். பேக்கிங் பவுடரை மாற்றினேன். மூன்றாவது கேக்கும் வீணான பிறகு ஒரு வெப்பமானியை வாங்கி உள்ளே வைத்தேன். குமிழ் 180-ஐக் காட்டியது. தட்டில் இருந்தது 205.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? குமிழுக்குப் பின்னால் தெர்மோஸ்டாட் இருக்கிறது. சாதாரண ஓவன்களில் அது இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. சூடேறும்போது ஓர் உலோகம் அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும். பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். 'டிக்' என்று கேட்பது அந்தச் சத்தம்தான். பல சிறிய ஓவன்களில் இந்தப் பட்டை பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. கேக்கோ நடுவில் இருக்கிறது. பட்டைக்குத் தெரிவது சுவரோரத்துச் சூடு மட்டும்.

நம் அம்மாக்கள் எந்தக் கருவியும் இல்லாமல் சூடு பார்த்தவர்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். வடைக்கு எண்ணெய் காய்ந்ததா என்று துளி மாவைக் கிள்ளிப் போடுவார்கள். ஓவனில் கதவு மூடியிருக்கிறது. கண்ணும் காதும் உள்ளே போக முடியாது. அதனால்தான் வெப்பமானி வேண்டும். ஓவனுக்கென்றே செய்த வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அதை நடுத்தட்டின் மையத்தில் வையுங்கள். குமிழை 180-ல் திருப்புங்கள். சூடேறுவதைக் காட்டும் விளக்கு முதல் முறை அணைந்ததும் ஓவன் தயாராகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் சுற்றில் சூடு அளவைத் தாண்டி ஏறும், பிறகு இறங்கும். 20 நிமிடம் பொறுத்திருந்து, அதன் பின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணாடி வழியாகவே பார்த்து ஐந்து எண்களை எழுதுங்கள். அவற்றின் சராசரிதான் உங்கள் ஓவனின் உண்மையான 180. இதேபோல் 150-க்கும் 200-க்கும் பாருங்கள்.

வெப்பமானி இல்லையா? சர்க்கரை இருக்கிறது. அது ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். ஓவன் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி சர்க்கரையை 175-ல் கால்மணி நேரம் வையுங்கள். அது உருகக் கூடாது. புதுச் சர்க்கரையை 190-ல் வையுங்கள், உருக வேண்டும். முதலாவது உருகினால் ஓவன் அதிகமாகச் சுடுகிறது. இரண்டாவது உருகாவிட்டால் சூடு போதவில்லை.

எந்த மூலையில் சூடு அதிகம் என்று அறிய, கம்பித்தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பிச் சுடுங்கள். முதலில் சிவக்கும் துண்டு அந்த மூலையைக் காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை முக்கால் பங்கு வெந்ததும் தட்டைத் திருப்பி வைத்தால் போதும். கேக் மேலே மட்டும் சிவந்தால் ஒரு படி கீழே இறக்குங்கள், அல்லது அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். முக்கால் பங்கு வேகும் முன் கதவைத் திறக்காதீர்கள். சின்னப் பெட்டியின் சூடு நொடியில் வெளியேறிவிடும்.

மின்சாரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோடை இரவில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது வோல்டேஜ் இறங்குவது நம் புறநகர்களில் பழகிய விஷயம். 230 வோல்ட் 200-க்கு இறங்கினால் கம்பிகள் தரும் சூடு ஏறக்குறைய கால் பங்கு குறையும். அன்று ஓவன் சூடாக அதிக நேரம் கொடுங்கள். 1500 வாட் ஓவன் ஆறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதைச் சின்னப் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் வயரிலோ செருக வேண்டாம். 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும்.

25 டிகிரிக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். தூத்துக்குடி மக்ரூனை நினைத்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் சரக்கு. இளஞ்சூட்டில் மெல்ல உலர்ந்தால் வாயில் கரையும். சூடு மிஞ்சினால் நிறமும் போகும், பக்குவமும் போகும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து வீடுகளில் டிசம்பரில் சுடும் பழக் கேக்கும் அப்படித்தான். வாரக்கணக்கில் ஊறிய பழமும் முந்திரியும் அதில் இருக்கின்றன. அத்தனை உழைப்பும் காசும் ஒரு குமிழின் பேச்சை நம்பி வீணாகலாமா?

எங்கள் ஓவன் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது: '180 வேண்டுமானால் 155-ல் வை.' அதன் பிறகு கேக் கருகியதில்லை. பக்கத்து வீட்டில் செய்முறை கேட்டால் மனம் நிறைய எழுதிக் கொடுக்கிறேன். அந்தச் சீட்டை மட்டும் கொடுக்க முடியாது. அவர்கள் ஓவனின் கணக்கு வேறு. வரும் ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒதுக்கி, உங்கள் ஓவனுக்கான சீட்டை நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள்.